நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் மகளுக்கு உதவித்தொகை உண்டா?

பாலிடெக்னிக் முடித்த மகள் சேலம் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்வதால், முதலாண்டு மாணவிகளுக்குள்ள உதவித்தொகை கைநழுவிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

கவலை வேண்டாம். ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) மாணவிகளுக்குத் தரும் பிரகதி உதவித்தொகைக்கு, முதலாண்டில் சேர்பவர், நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர் இருவருமே விண்ணப்பிக்கலாம். தேர்வானால் ஆண்டுக்கு 50,000 ரூபாய். முதலாண்டில் சேர்ந்தவருக்கு நான்கு ஆண்டுகள், உங்கள் மகளுக்கு மூன்று. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். அக்கா வாங்குகிறாள் என்று தங்கையை நிறுத்திவிடாதீர்கள்!

7.5 சதவீத ஒதுக்கீட்டில் முதலாண்டு சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்பது வேறு திட்டம்; அதைப் பிரகதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சேர்ந்த ஆண்டிலேயே பிரகதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். ஆகவே வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே எழுதிப் போடுங்கள். மகள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.