பொம்மைக் கண்ணும் மீன் தராசும்

வணக்கம் சார். மஞ்சக்குப்பத்திலிருந்து வந்திருந்தபோது நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "மகளை இன்ஸ்ட்ருமென்டேஷன், அதான் அளவுக் கருவிப் படிப்பு, படிக்க அனுப்பினா, புதுச்சேரியில பொம்மைக் கண்ணை ஸ்டாண்டுல மாட்டி கேமராவுக்குக் காட்டிக்கிட்டிருக்கா. யார் சார் வேலை தருவாங்க?"

அது விளையாட்டு இல்லை. அவள் சோதிப்பது ஐ-டிராக்கர் என்னும் கருவியை. அது கண்ணின் மேல் அகச்சிவப்பு ஒளியை வீசும். கருவிழியில் மின்னும் புள்ளியையும் கண் பாப்பாவின் நடுவையும் வைத்து, ஒருவர் எங்கே பார்க்கிறார் என்று கணக்குப் போடும். அதைச் சோதிக்க ஆளை உட்காரவைத்தால் சிக்கல். ஒரே புள்ளியைப் பார் என்றாலும் நம் கண் சும்மா இருக்காது. நடுங்கும், நழுவும், குட்டிக் குட்டியாய்த் தாவும். எண் ஆடினால் ஆடியது கண்ணா, கருவியா? பொம்மைக் கண் அசையாது. அப்போதும் எண் ஆடினால் கருவி மாட்டிக்கொண்டது.

துறைமுகத்தில் மீன் வாங்குவீர்கள் அல்லவா? ஒரு தராசு எப்போதும் 100 கிராம் கூட்டியே காட்டுகிறது. இன்னொன்று அதே வஞ்சிரத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு எடை சொல்கிறது. இரண்டும் வேறு வேறு நோய். அசையாத பொம்மைக் கண் இரண்டாவதைத்தான் காட்டிக்கொடுக்கும். முதலாவதைப் பிடிக்க, கண்ணை இத்தனை டிகிரி என்று அளந்து திருப்பும் மேடை வேண்டும். திரையிலிருந்து 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் 1 டிகிரி பிழை திரையில் ஏறக்குறைய 1 செ.மீ. விலகல் ஆகும். மேல் வரியைப் படிப்பவரைக் கீழ் வரி படிப்பதாகக் கருவி சொல்லிவிடும். இந்த இரண்டு நோய்க்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் மகள் எனக்கு இரண்டே நிமிடத்தில் விளக்கினாள். இன்டர்வியூவில் இதைக் குழப்பிக்கொள்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சரி, வேலை. ஐ-டிராக்கர் என்று பெயர் போட்டு வரும் வேலை நம் பக்கம் குறைவுதான், மறைக்க மாட்டேன். அவள் கற்பதோ கருவி எவ்வளவு பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. கருவி காட்டும் அளவு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் கேலிப்ரேஷன் லேப், கருவித் தொழிற்சாலைகளின் தரச் சோதனைப் பிரிவு எல்லாவற்றிலும் அதுதான் பிழைப்பு. மருத்துவக் கருவி என்றால் இந்தியாவின் 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி, சொன்னபடி வேலை செய்கிறது என்று தயாரிப்பாளர் ஆவணத்தோடு காட்ட வேண்டும். மேலே படிக்க நினைத்தால், முதுநிலைப் பொறியியலில் சேர எழுதும் கேட் (GATE) தேர்வில் இன்ஸ்ட்ருமென்டேஷன் தாள் இருக்கிறது. 2020 முதல் பயோமெடிக்கல் தாளும் உண்டு.

என் கவலை வேறு. அவள் அளவுகளை செல்போனில் படம் பிடித்து வைத்திருக்கிறாள். எவ்வளவு தூரம், அறையில் என்ன வெளிச்சம், எத்தனை தடவை அளந்தாள், எதுவும் எழுதவில்லை. ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுங்கள். அடுத்த ஞாயிறு அவளோடு வரும்போது அந்த நோட்டும் வரட்டும்.