சுவீடன் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு இடங்களைத் தேடி விண்ணப்பிப்பது எப்படி?

சுவீடனில் முனைவர் பட்ட ஆய்வு இடங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை நடக்கும் மாணவர் சேர்க்கையாக அல்லாமல், ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கிடைக்கும்போது ஊதியத்துடன் கூடிய பணியிடங்களாகவே அறிவிக்கப்படுகின்றன. ஆகவே லுண்ட், உப்சாலா போன்ற பல்கலைக்கழகங்களின் இணையதளங்களில் காலிப் பணியிடங்களுக்கான பக்கத்தைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும்; ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வாளர் வேலைவாய்ப்புத் தளமான யூராக்செஸிலும் (EURAXESS) பல அறிவிப்புகள் வெளியாகும். கல்விக் கட்டணம் இல்லை. முதுநிலைப் பட்டமோ, முதுநிலைப் பாடங்களில் பெற்ற 60 உட்பட மொத்தம் 240 கிரெடிட்டுகளோ (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) இருந்தால் பொதுத் தகுதி நிறைவேறும். துறைக்கேற்ற கூடுதல் தகுதிகள் அறிவிப்பிலேயே இருக்கும்.

விண்ணப்பத்தில் அதிக உழைப்பைக் கோருவது நோக்கக் கடிதம். பலர் எல்லா இடங்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புகிறார்கள். அது வீண் வேலை என்பேன். அறிவிக்கப்பட்ட திட்டம் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது, உங்கள் முதுநிலை ஆய்வேட்டில் கையாண்ட முறைகளில் எது அதற்குப் பயன்படும், நெறியாளரின் அண்மைக் கட்டுரைகளோடு உங்கள் ஆர்வம் எங்கே இணைகிறது என்பவற்றைச் சுருக்கமாக எழுதுங்கள். ஐயமிருந்தால் அறிவிப்பில் குறிப்பிட்டுள்ள தொடர்பாளரிடம் மின்னஞ்சலில் கேட்கலாம் (தயங்க வேண்டியதில்லை, அதற்காகத்தான் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்). ஆனால் விண்ணப்பத்தை அறிவிப்பில் சொல்லப்பட்ட இணைய வழியிலேயே சமர்ப்பிக்க வேண்டும். ஆய்வுக்காலம் 4 ஆண்டுகள். கற்பித்தல் போன்ற துறைப் பணிகள் 20 விழுக்காடு வரை சேரும்போது அது 5 ஆண்டுகள் வரை நீளலாம், அந்தக் காலத்துக்கும் ஊதியம் உண்டு.