திருவாதிரை நட்சத்திரம் வெடித்தால் அது தெய்வக் குறியா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. திருவாதிரை நட்சத்திரம் வெடிக்கப் போகிறதாம், அது சிவபெருமான் காட்டும் குறியாம், பரிகாரம் செய்யாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாதாம். விண்மீன் வெடிப்பது உண்மையிலேயே தெய்வக் குறியாக இருக்க முடியுமா?

பதில்:

வானத்தில் புதிதாக ஒளிரும் ஒன்றைக் கண்டு கைகூப்புவது வழிபாடு. அதைத் தடுக்க அறிவியலில் எதுவும் இல்லை. அந்த ஒளியில் உங்கள் குடும்பத்துக்கென்று ஒரு தகவல் இருக்கிறது, அதைப் படித்துச் சொல்ல எங்களிடம் ஆள் இருக்கிறது என்பது வேறு விஷயம். அது நிற்காது. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த விண்மீன். திருவாதிரை என்று பொதுவாக அடையாளம் காட்டப்படுவது பெட்டல்ஜூஸ் என்ற செம்பெருமீன், அதாவது சிவந்த மிகப்பெரிய விண்மீன். அதன் தூரத்தை 550 முதல் 700 ஒளியாண்டு வரை வெவ்வேறு ஆய்வுகள் அளந்திருக்கின்றன (ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரமே ஒளியாண்டு). அது ஒருநாள் வெடிக்கும் என்பது உறுதி. ஆனால் "ஒருநாள்" என்றால் இன்னும் ஒரு லட்சம் ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் என்று பொருள். 2019 கடைசியில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியபோது, இதோ வெடிக்கிறது என்று உலகெங்கும் பேச்சு கிளம்பியது. மேற்பரப்பிலிருந்து வீசப்பட்ட வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்ததுதான் காரணம். ஏப்ரலுக்குள் பழைய ஒளி திரும்பிவிட்டது. மங்குவதை வைத்து நாள் குறிக்க முடியாததற்கு வலுவான காரணம் உண்டு. கடைசிக் கட்டத்தில் மையத்திலுள்ள சிலிக்கான் எரிந்து இரும்பாக ஏறத்தாழ ஒரு நாள்தான் ஆகும். பிறகு மையம் ஒரு நொடிக்குள் சரிந்துவிடும். உள்ளே இவ்வளவு நடந்தாலும் வெளிப்பரப்பு முன்கூட்டி எதையும் காட்டாது.

இனி குறி என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பதில் 1006-ஆம் ஆண்டில் கிடைக்கிறது. அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் தென்வானில் ஒரு விண்மீன் வெடித்தது. மனிதர் பதிவு செய்தவற்றில் அதுவே மிகப் பிரகாசமானது. முதலாம் இராசராசன் ஆட்சியில் தஞ்சைப் பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. எகிப்தில் அதைப் பார்த்த மருத்துவரும் சோதிடருமான அலி இப்னு ரித்வான், அது விருச்சிகத்தில் தோன்றியதால் இஸ்லாமிய நாடுகளுக்குப் போரும் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தன என்று பிற்பாடு எழுதினார். சீனாவில் மக்கள் பயந்து கிடக்க, அரசவை வானியலாளர் சௌ கமிங் இது நாட்டுக்கு நன்மை தரும் மங்கல விண்மீன், மக்கள் கொண்டாடட்டும் என்று பேரரசரிடம் சொன்னார். அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. விண்மீன் ஒன்றுதான், ஆண்டும் ஒன்றுதான். அங்கே கேடு, இங்கே மங்கலம். இருவரும் வானத்தை அறிந்தவர்கள். கண்ணால் கண்டதை இருவரும் சரியாகத்தான் எழுதினார்கள். பொருள் சொல்லும்போதுதான் தத்தம் நாட்டு அச்சத்தையும் ஆசையையும் அதில் ஏற்றிவிட்டார்கள்.

1054 இன்னும் தெளிவு. ஜூலை 4 அன்று ரிஷப ராசியில் தோன்றிய வெடிப்பு 23 நாள் பகலிலேயே தெரிந்ததாகச் சீனர்கள் குறித்திருக்கிறார்கள். அதன் சிதறல்தான் இன்று நண்டு நெபுலா எனப்படும் வாயு மேகம். அதே மாதம்தான் கிறிஸ்தவத் திருச்சபை கிழக்கு, மேற்கு என்று பிளந்தது. குறி தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று வாய்க்காது. ஆனால் அந்தத் திருச்சபையின் ஐரோப்பாவில் விண்மீனைப் பற்றி உறுதியான பதிவு என்று ஒன்றைக் காட்டுவதே கடினம். யாருக்கு அனுப்பப்பட்டதோ அவர்களே கவனிக்காத குறி எப்படிக் குறியாகும்?

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. புறநானூறு 229-இல் கூடலூர்கிழார் ஒரு மீன் எரிந்து விழுவதைக் கண்டு அரசனுக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சுகிறார். ஏழாம் நாள் சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறக்கிறான். உருக்கமான பாட்டு. ஆனால் இருண்ட வானத்தில் எந்த இரவிலும் மணிக்கு ஐந்தாறு எரிமீன்களைப் பார்க்கலாம். எந்த அரசன் எந்த நாளில் இறந்தாலும் அதற்கு முந்தைய ஏழு நாளில் ஒரு மீன் விழுந்தேயிருக்கும். விழுந்தும் யாரும் சாகாத இரவுகளுக்குப் பாட்டு இல்லை. உங்கள் வாட்ஸ்அப் செய்தியும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

மதங்களே இதில் எச்சரிக்கையாகப் பேசியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நபிகள் நாயகத்தின் மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தைக்காகத்தான் என்று மக்கள் பேசினார்கள். சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், யாருடைய சாவுக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபிகள் அன்றே மறுத்துவிட்டார். மகனை இழந்த துயரத்திலும், தனக்குப் பெருமை சேர்க்கக்கூடிய பேச்சை மறுத்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. பைபிளில் எரேமியா 10:2-ம் வானத்து அடையாளங்களுக்கு அஞ்ச வேண்டாம் என்றே சொல்கிறது. சைவத்துக்கு வந்தால், ஆக்கமும் அழிவும் ஒரே ஆடலின் இரு நிலைகள். நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி இப்படிப் பெருமீன்களுக்குள் உருவாகி, அவை வெடித்துச் சிதறியதால் வந்தது. இதை நினைத்து நடராசர் முன் நிற்கும் ஒருவரிடம் எனக்கு மரியாதை உண்டு. அதில் யாருக்கும் மிரட்டல் இல்லை.

பஞ்சாங்கம் என்ன ஆகும் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். ஒன்றும் ஆகாது. 27 நட்சத்திரங்கள் என்பவை வான்பாதையைச் சமமாக வகுத்த பகுதிகள். ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை. நிலவு அந்தப் பகுதியைக் கடக்கும் நாள்தான் திருவாதிரை நாள். விண்மீன் மறைந்தாலும் மார்கழியில் ஆருத்ரா தரிசனம் அதே கணக்கில் வரும், திருவாதிரையில் பிறந்தவர்கள் திருவாதிரைக்காரர்களாகவே இருப்பார்கள்.

இன்றிரவு நீங்கள் காணும் அதன் ஒளி மலாக்கா சுல்தான்கள் ஆண்ட காலத்திலோ அதற்குச் சற்று முன்போ அங்கிருந்து கிளம்பியது. கடவுள் காலம் கடந்தவர், அப்போதே அனுப்பியிருக்கலாமே என்று பக்தர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஒளி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிப் பரவுகிறது. உங்கள் லயத்தை நோக்கி மட்டும் வருவதில்லை.

நிபுணர் நாள் குறித்தாலும் தவறலாம். சிக்னஸ் என்ற விண்மீன் தொகுதியில் ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்கள் 2022 வாக்கில் மோதி வெடிக்கும் என்று 2017-இல் அமெரிக்க வானியலாளர்கள் அறிவித்தார்கள். பழைய அளவீடு ஒன்றின் நேரம் 12 மணி தள்ளி அச்சாகியிருந்தது 2018-இல் தெரியவர, கணிப்பு விழுந்தது. அவர்கள் கணக்கை வெளியே வைத்ததால்தான் பிழை அகப்பட்டது. பரிகாரம் கேட்கிறவரிடம் கணக்கைக் கேளுங்கள்.

நீங்களே பார்த்துக்கொள்ளும் வழி இது. பிப்ரவரி தொடக்கத்தில் இரவு பத்தரை மணி வாக்கில் உங்கள் ஊரில் திருவாதிரை ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல், சற்றே வடக்கே நிற்கும். எண்ணெய் ஆலை விளக்குக்கு முதுகு காட்டி, செம்பனை மறைக்காத திடலில், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் விடுங்கள். வரிசையாக மூன்று மீன்கள் தெரியும். அதற்கு வடக்கே செம்மையாய் இருப்பது திருவாதிரை, தெற்கே நீலவெண்மையாய் இருப்பது ரைஜல். திருவாதிரையின் ஒளியை மேற்கேயுள்ள ரோகிணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரோகிணிக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடவோ இருந்தால் வழக்கமான நிலைதான்.

அனுப்பப்படும் காணொளிகளில் பெரும்பாலும் வெள்ளிக் கோள்தான் இருக்கும். கைப்பேசியின் குவியம் தடுமாறும்போது அது துடிக்கும் உருண்டையாகப் பதிவாகும். தொடுவானத்தை ஒட்டிய சிரியஸ் சிவப்பும் பச்சையுமாக மின்னுவதும் காற்றின் வேலை.

உண்மையில் வெடித்தால் முதலில் வருவது ஒளி அல்ல, எதையும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்ற நுண்துகள். 1987-இல் பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில் ஒரு விண்மீன் வெடித்தபோது ஜப்பான், அமெரிக்கா, சோவியத் நாடுகளின் கருவிகள் இரண்டு டஜன் நியூட்ரினோக்களை ஒளிக்கு இரண்டு மூன்று மணி முன்னதாகவே பிடித்தன. இப்போது இந்தக் கருவிகளை இணைத்து ஸ்நியூஸ் என்ற எச்சரிக்கை அமைப்பு இயங்குகிறது. யாரும் மின்னஞ்சலைப் பதிந்துவைக்கலாம். பிறகு ஓரிரு வாரத்தில் திருவாதிரை அரைநிலா அளவு ஒளியை எட்டி, சில மாதம் பகலிலும் தெரியும். ஊறு ஏதும் இல்லை. ஆபத்து என்றால் 50 ஒளியாண்டுக்குள் வெடிக்க வேண்டும், இது அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் தொலைவு.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஜூன் 20 வாக்கில் திருவாதிரை சூரியனிலிருந்து 16 பாகை தூரத்தில்தான் இருக்கும். அந்தச் சமயத்தில் வெடித்தால் பைனாகுலரை எடுத்துக்கொண்டு பகலில் தேடாதீர்கள், பிள்ளைகளிடமும் கொடுக்காதீர்கள். சூரியனைச் சுவர் மறைக்கும் நிழலில் நின்று வெறும் கண்ணால் பார்த்தாலே போதும்.