கருந்துளையின் ஒளி மாறுவதைக் கவனிக்க ஒரு தொலைநோக்கி போதாதா?

ஒரு கருந்துளை பிரகாசமாகிறதா, மங்குகிறதா என்று அறிய ஒரே ஒரு நல்ல தொலைநோக்கி போதாதா, எதற்காக இத்தனை கருவிகள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆர்வத்துடன் செய்திகளைப் பின்தொடர்ந்துவரும் 1இஎஸ் 1927+654 என்ற கேலக்ஸியை வைத்தே பதில் சொல்கிறேன். ஏனெனில் 2018-இல் அங்கே ‘பிரகாசமாகிறது’, ‘மங்குகிறது’ என்ற இரண்டு விடைகளுமே சரியாக இருந்தன.

டிராகோ விண்மீன் தொகுதியின் திசையில், 20 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ள இதன் மையக் கருந்துளை சூரியனைப் போலச் சுமார் பத்து லட்சம் மடங்கு நிறையுடையது. 2017-இன் இறுதியில் தொடங்கிய எழுச்சியில், கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் அது ஏறத்தாழ 100 மடங்கு பிரகாசமானது. அடுத்த ஒன்று முதல் மூன்று மாதங்களில், கருந்துளையைச் சுற்றி வேகமாகச் சுழலும் வாயு மேகங்களின் அடையாளமான, அதுவரை நிறமாலையில் காணப்படாத அகன்ற ஹைட்ரஜன் கோடுகள் தோன்றின. என்னை மிகவும் ஈர்த்தது இந்தத் தாமதம்தான்: மையத்தில் எழுந்த வெளிச்சம் சுற்றியுள்ள வாயு மேகங்களைச் சென்றடைய எடுத்துக்கொண்ட காலம் அது என்பதால், எந்தத் தனித் தொலைநோக்கியாலும் பிரித்துக் காட்ட முடியாத ஒரு தூரத்தை, அதாவது மேகங்கள் ஒன்று முதல் மூன்று ஒளிமாதத் தொலைவில் இருக்கின்றன என்பதை, நாள்காட்டியைக் கொண்டே கணக்கிட முடிந்தது.

எக்ஸ் கதிரில் நடந்ததோ இதற்கு நேர்மாறானது. நைசர், ஸ்விஃப்ட் போன்ற விண்வெளிக் கருவிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கருந்துளைக்கு மிக அருகில் எக்ஸ் கதிரை உமிழும் கொரோனா எனப்படும் வெப்பமிகு பகுதியின் ஒளி சுமார் 40 நாள்களில் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. பின்னர் முன்பிருந்ததைவிடப் பல மடங்கு வலுவுடன் திரும்பி வந்தது. எக்ஸ் கதிரை மட்டும் பார்த்தவர் கருந்துளை அணைந்துவிட்டது என்றிருப்பார். புலப்படும் ஒளியை மட்டும் பார்த்தவர் பற்றியெரிகிறது என்றிருப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான், கருந்துளையைச் சுற்றிச் சுழன்றபடி அதில் விழும் வாயுத் தட்டு ஒளிர்ந்துகொண்டிருக்க அதன் உள்விளிம்பும் கொரோனாவும் மட்டும் குலைந்தன என்று சொல்ல முடிந்தது.

காரணம் குறித்து இரு கருத்துகள் உள்ளன. அருகில் வந்த விண்மீன் ஒன்று கிழிபட்டு, அதன் சிதறல் தட்டைத் தாக்கியது என்பது ஒன்று. எதிர்த்திசைக் காந்தப்புலம் உள்ளே இழுக்கப்பட்டு, கொரோனாவைத் தாங்கிய புலத்தை அழித்தது என்பது மற்றொன்று. விண்மீன் கிழிபட்டிருந்தால் ஒளி காலத்தின் 5/3 படிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது எளிய கணிப்பு. புற ஊதாவில் அளந்தபோது படி 0.91 என்றே கிடைத்தது. இந்த மெதுவான சரிவு காரணமாக என் மனம் காந்தப்புல விளக்கத்தின் பக்கமே சாய்கிறது.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. 2022-இல் எக்ஸ்எம்எம்-நியூட்டன் செயற்கைக்கோள், எக்ஸ் கதிர் சுமார் 18 நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்டது. 2024-இல் அந்த இடைவெளி ஏறத்தாழ 7 நிமிடமாகச் சுருங்கியிருந்தது. 2023-இல் ரேடியோ அலையிலும் ஒளிர்வு சில மாதங்களில் சுமார் 60 மடங்கு உயர, மையத்திலிருந்து இருபுறமும் பீறிடும் தாரைகளை அமெரிக்காவின் விஎல்பிஏ ரேடியோ தொலைநோக்கி வலையமைப்பு பின்னர் படம்பிடித்தது. தாரைகளை உந்துவது காந்தப்புலமே என்று கருதப்படுவதால், இவற்றைக் காந்தப்புல விளக்கத்துக்குச் சான்றாகக் கொள்ளத் தோன்றினாலும், விண்மீன் கிழிபட்ட வேறு சில இடங்களிலும் ரேடியோ ஒளி ஆண்டுகள் கழித்தே எழுந்திருக்கிறது என்பதால், இதை வைத்து மட்டும் அந்த வழக்கை முடித்துவிட முடியாது.