குரோஷேயில் கிரீப்பர் பொம்மை பின்னியவர்கள் உண்டா? புதிதாகக் கற்பவரால் முடியுமா?

மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டில் வரும் கிரீப்பர் என்ற பச்சை அரக்கனைக் குரோஷேயில், அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் முறையில், பொம்மையாகப் பின்ன ஆசை, அடிப்படை ஸ்டிச்சான சிங்கிள் குரோஷேயும் தொடக்க வளையமான மேஜிக் ரிங்கும் தெரியும், அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும். ஆனால் நான் பின்னிய முதல் கிரீப்பர் கிரீப்பராக வரவில்லை. அக்கா மகன் அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சித்தி, பச்சைப் பந்துக்குக் கால் முளைச்சிருக்கு" என்றான். பொய் சொல்லத் தெரியாத வயது. அவன் சொன்னதும் சரிதான்.

அந்த நாலு வார்த்தையில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. குரோஷே பொம்மை என்றால் நமக்குப் பழக்கமானது ஜப்பானியர்களின் அமிகுருமி முறை. நடுவில் ஒரு வளையம், அதில் 6 ஸ்டிச், அடுத்த சுற்றில் 12, அப்புறம் 18, 24, 30 என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போவோம். தட்டையான வட்டம் வரும். கூட்டுவதை நிறுத்தினால் சுவர் எழும்பும், குறைத்தால் வாய் மூடும். ஏன் ஆறு என்று ரொம்ப நாள் நான் யோசித்ததே இல்லை. வட்டத்தின் ஆரம் ஓர் அலகு கூடினால் சுற்றளவு 6.28 அலகு கூடும். சிங்கிள் குரோஷே ஸ்டிச்சுக்கு உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், சுற்றுக்கு ஆறு கூட்டினால் கணக்கு நேராகிவிடுகிறது. எட்டு கூட்டினால் ஓரம் பாவாடை மாதிரி அலை அலையாகப் புரளும். நாலு கூட்டினால் கிண்ணமாகக் குவியும்.

இந்த முறையில் உருண்டையான எதையும் செய்யலாம். கிரீப்பரிடமோ உருண்டை என்று சொல்ல ஓர் இடம் கூட இல்லை. அந்த விளையாட்டின் உலகமே பெட்டிகளால் ஆனது.

முதல் முறை நான் வட்டத்துக்குப் பதில் சதுரத்தில் தொடங்கினேன். நாலு மூலையில் மட்டும் கூட்டி, அடி சதுரமாக வந்ததும் சுவரை எழுப்பினேன். பஞ்சு அடைக்கும் வரை அது அழகான பெட்டிதான். பஞ்சு உள்ளே போனதும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தள்ளுகிறது, துணி நடுவில் உப்புகிறது, மூலைகள் உள்வாங்குகின்றன. இன்னும் கொஞ்சம் அடைத்தால் விறைப்பாக நிற்குமே என்று அடைத்தேன். பந்து முழுமையடைந்தது.

உங்களுக்கு இதுதான் முதல் பொம்மை என்றால் வேறொரு அரக்கனிலிருந்து தொடங்கச் சொல்வேன். டிராகன் குவெஸ்ட் விளையாட்டில் வரும் ஸ்லைம். 1986-இல் அந்த விளையாட்டை உருவாக்கிய யூஜி ஹோரி கொழகொழவென்று ஒரு குவியல் போல வரைந்து கொடுத்ததை, ஓவியர் அகிரா தோரியாமா நீர்த்துளி வடிவமாக மாற்றி, சிரிக்கும் முகம் வைத்தார். நீல நிறத் துளி, இரண்டு கண், ஒரு வாய், அவ்வளவுதான். மேலே சொன்ன ஆறு ஆறு கணக்கிலேயே ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். பஞ்சு உருண்டையாகத் தள்ளினால் ஸ்லைமுக்கு அது லாபம். கூட்டுதல், குறைத்தல், பஞ்சு அடைத்தல், கண் வைத்தல் நாலும் கைக்கு வந்துவிடும். அப்புறம் கிரீப்பருக்கு வாருங்கள்.

கிரீப்பர் பிறந்த கதையும் ஒரு பிழைதான். மைன்கிராஃப்டை உருவாக்கிய மார்கஸ் பெர்சன் பன்றி உருவம் செய்யப் போய், நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டுவிட்டார். நெட்டுக்குத்தாக நிற்கும் நாலு கால் பிராணி ஒன்று வந்தது. அதற்குப் பச்சை பூசிக் கிரீப்பர் ஆக்கிவிட்டார்கள். பின்னுகிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு: அதற்குக் கை கிடையாது. பொம்மை பின்னுவதிலேயே நான் அதிகம் வெறுப்பது இரண்டு கையையும் ஒரே உயரத்தில் தைக்கும் வேலையை.

இரண்டாவது முறை, பின்னுவதற்கு முன் ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்தேன். விளையாட்டில் கிரீப்பரின் தலை 8 அகலம், 8 உயரம், 8 ஆழம். உடம்பு 8 அகலம், 4 ஆழம், 12 உயரம். கால் ஒவ்வொன்றும் 4, 4, உயரம் 6. ஒரு கட்டத்துக்கு 2 ஸ்டிச் என்று வைத்தேன். 3 மி.மீ. ஊசியில் என் கைக்கு 16 ஸ்டிச் 8 செ.மீ. வந்தது. அப்படிப் பார்த்தால் தலை 8 செ.மீ. சதுரம், முழு உயரம் 26 செ.மீ. கையில் பிடிக்கத் தோதான அளவு. உங்கள் கை இறுக்கமா, தளர்வா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதனால் 16 ஸ்டிச்சில் ஒரு சின்னச் சதுரம் பின்னி அளந்துவிட்டுத் தொடங்குங்கள். நூல் சுற்றியிருக்கும் தாளில் எந்த ஊசி என்று போட்டிருப்பார்களே, பொம்மைக்கு அதைவிட ஒன்றிரண்டு அளவு சின்னதாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இடைவெளியில் பஞ்சு எட்டிப் பார்க்கும்.

அந்தச் சின்னச் சதுரம் எனக்கு இன்னொன்றையும் காட்டியது. 16 ஸ்டிச், 16 வரிசை பின்னினால் சதுரம் வரவில்லை, கொஞ்சம் குள்ளமாக வந்தது. சிங்கிள் குரோஷே ஸ்டிச் உயரத்தைவிட ஒரு நூலளவு அகலம். என் கைக்கு 18 வரிசை போனால்தான் சதுரமானது. இதை முன்னாலேயே தெரிந்துகொண்டதால் முகம் தப்பித்தது.

முகம்தான் கிரீப்பர். மற்ற எதில் கோட்டை விட்டாலும் பரவாயில்லை, முகம் சரியாக இருந்தால் குழந்தைகள் அடையாளம் கண்டுகொள்வார்கள். 8-க்கு 8 கட்டத்தில் மேல் இரண்டு வரிசை வெறும் பச்சை. மூன்றாவது, நான்காவது வரிசைகளில் இடமிருந்து 2, 3-ஆம் கட்டங்கள் ஒரு கண், 6, 7-ஆம் கட்டங்கள் இன்னொரு கண். ஐந்தாவது வரிசையில் நடு இரண்டு கட்டம் மட்டும் கறுப்பு. ஆறாவதிலும் ஏழாவதிலும் நடு நாலு கட்டம். கடைசி வரிசையில் அந்த நாலில் ஓரத்து இரண்டு மட்டும், தொங்கும் மீசை மாதிரி. இதை இரண்டால் பெருக்கி, உயரத்தில் மட்டும் இரண்டு வரிசை கூட்டிக்கொண்டேன். கூட்டியது மேலே இருக்கும் வெறும் பச்சையில். கண்ணையும் வாயையும் தொடவில்லை.

நிறம் மாற்றும் இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். கறுப்பு ஸ்டிச்சுக்கு வந்த பிறகு நூலை மாற்றினால் பிந்திவிட்டது. அதற்கு முந்தைய பச்சை ஸ்டிச்சில், ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும்போதே பச்சையை விட்டுவிட்டுக் கறுப்பை இழுத்து ஸ்டிச்சை முடிக்க வேண்டும். அப்போது அடுத்த ஸ்டிச்சின் தலை சுத்தமான கறுப்பாக வரும். முதல் பொம்மையில் கறுப்பு நூலைப் பச்சைக்குள்ளேயே ஒளித்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வெளிர் பச்சைக்கு அடியில் அது அழுக்குப் படிந்த மாதிரி தெரிந்தது. இந்த முறை ஒவ்வொரு கறுப்புத் திட்டுக்கும் தனித்தனியாகச் சின்ன நூல் சுருள். திருப்பித் திருப்பிப் பின்னுவதால் ஒரு வரிசை நல்ல பக்கம் நம்மைப் பார்க்கும், அடுத்த வரிசை பின்பக்கம் பார்க்கும். பின்பக்கம் பார்க்கும் வரிசையில் விடும் நூலை நம் பக்கமாக, அதாவது முன்னால் விட வேண்டும். இதை மறந்து ஆறு வரிசை ஓடி, திருப்பிப் பார்த்தால் கண்ணுக்குக் குறுக்கே பச்சைக் கோடுகள். ஆறு வரிசையையும் பிரித்தேன். இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் முகத்தை முழுப் பச்சையாகப் பின்னிவிட்டு, கறுப்பு ஃபெல்ட் துணியை வெட்டித் தைத்துவிடுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பச்சைக்கு ஒரு வழி சொல்கிறேன். கிரீப்பரின் தோல் ஒரே பச்சை இல்லை, திட்டுத் திட்டாக இருக்கும். வேறு வேறு பச்சையில் இரண்டு மெல்லிய நூலைச் சேர்த்துப் பிடித்து ஒரே நூல் மாதிரி பின்னினேன். நாம் எதுவும் செய்யாமலே அது தானாகத் திட்டுப் போட்டுக்கொள்கிறது. பின்னும்போது எந்தப் பச்சை மேலே வரும் என்று நமக்கே தெரியாது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது.

சரி, பெட்டிக்கு வருவோம். தலைக்கு ஆறு பலகைகள் தனித்தனியாகப் பின்னினேன். இரண்டு பலகைகளின் பின்பக்கங்கள் ஒட்டும்படி வைத்து, ஓரத்தில் இரண்டையும் சேர்த்துக் குத்தி சிங்கிள் குரோஷே போட்டால் வெளியே ஒரு வரப்பு எழும்பும். அந்த வரப்புதான் கண்ணுக்குப் பெட்டியின் விளிம்பாகத் தெரிகிறது. தைத்து இணைத்தால் இவ்வளவு கூர்மை வராது. மேல் பலகையை இணைக்கும்போது ஒரு சிக்கல் வரும்: அதன் பக்கவாட்டில் 18 வரிசை முனைகள், சேர வேண்டிய பலகையில் 16 ஸ்டிச். இரண்டு இடத்தில் மட்டும் இரண்டு முனையை ஒரே ஸ்டிச்சில் பிடித்தால் போதும். ஒரே இடத்தில் பிடித்தால் சுருக்கம் தெரியும்.

உள்ளே பஞ்சு இல்லை. மெத்தைக்குப் போடும் ஃபோமை 8 செ.மீ. கனசதுரமாக அறுத்து, கடைசிப் பலகையை மூடும் முன் செருகினேன். ஃபோம் ஒரு பொட்டுப் பெரிதாக இருந்தால் நல்லது, துணி விறைப்பாக நிற்கும். கத்தரிக்கோலால் ஃபோமை வெட்டினால் ஓரம் பிசிறும். நீளமான கத்தியால் அழுத்தாமல் இழுத்து இழுத்து அறுங்கள்.

உடம்புக்கு மறுபடியும் பலகை பின்னும் பொறுமை இல்லை. 48 ஸ்டிச்சில் சுற்றிச் சுற்றிப் பின்னி, உள்ளே ஃபோமைச் செருகிவிட்டேன். மூலையை ஃபோமே பார்த்துக்கொண்டது. கால்களுக்குச் சின்னச் சதுர அடி பின்னி, சுவர் தொடங்கும் முதல் சுற்றை ஸ்டிச்சின் பின் கண்ணியில் மட்டும் குத்திப் பின்னினால் அந்த இடம் பளிச்சென்று மடியும். இந்த ஒரு தந்திரம் எந்தப் பொம்மையின் பாதத்துக்கும் உதவும்.

கால்களைப் பொருத்தும் முன் விளையாட்டில் கிரீப்பரைப் பக்கவாட்டில் ஒருமுறை பாருங்கள். கால்கள் உடம்புக்கு நேர் கீழே இல்லை. இரண்டு முன்னால், இரண்டு பின்னால் தள்ளி நிற்கின்றன. உடம்பு நடுவில். நான் முதலில் நாலையும் உடம்புக்கு அடியில் நெருக்கித் தைத்து, பொம்மை மூக்குக் குப்புற விழுந்து, எல்லாவற்றையும் பிரித்தேன். பிறகு நாலு காலையும் தரையில் நிற்கவைத்து, நடு இடைவெளியை ஒரு தட்டைத் துண்டால் மூடி, அதன் மேல் உடம்பை உட்கார வைத்துத் தைத்தேன். ஆடாமல் நிற்கிறது.

வேறு யாருடைய குறிப்பையாவது பார்த்துப் பின்னுவதாக இருந்தால், அது அமெரிக்க வழக்கா பிரிட்டிஷ் வழக்கா என்று முதலில் பாருங்கள். அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷேயைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் குரோஷே என்கிறார்கள். மாற்றிப் பின்னினால் பொம்மை சல்லடையாகிவிடும். ஸ்லைமுக்குப் பிளாஸ்டிக் கண் வைத்தாலும் ஒரு விஷயம்: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் வேண்டாம், நூலாலேயே கண் தைத்துவிடுங்கள். கிரீப்பருக்கு அந்தக் கவலையே இல்லை.

எனக்கு மாலை வேளைகளில் மட்டும் உட்கார்ந்து மூன்று வாரம் ஆனது. அதில் பிரித்ததற்கே ஒரு வாரம் இருக்கும். மீந்த பச்சை நூலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கொடுத்து நாலு நாளில் என் கிரீப்பரின் பின்னங்கால் ஒன்றைப் பூனை கடித்து இழுத்து, இரண்டு வரிசை பிரிந்துவிட்டது. நான் பதறிப் போய் ஊசியைத் தேடினேன். அக்கா மகனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. விளையாட்டில் பூனையைக் கண்டால் கிரீப்பர் ஓடிவிடும், அதனால் இது சரிதான் என்றான். காலை முழுசாகச் சரிசெய்யக் கூட விடவில்லை. அந்தப் பிரிந்த நூல் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.