1969-எஸ் அமெரிக்க சென்ட்டில் ஆண்டு இரண்டாகத் தெரிகிறது, இது டபுள்ட் டையா (காசடிக்கும் அச்சிலேயே உருவம் இரட்டித்த பிழையா)?

ஆண்டை விடுங்கள், அதற்குக் கீழே இருக்கும் குட்டி எஸ்ஸை, அதாவது சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் குறியைப் பாருங்கள். அதுவும் அதே பக்கமாக இரட்டித்திருந்தால் உங்களிடம் இருப்பது மெஷின் டபுளிங். சொல்லப்போனால் செலவுக்குரிய காசுதான்.

காரணம் இது. அந்தக் காலத்தில் ஹப் என்ற மூல அச்சை, காசடிக்கும் அச்சான டையில் ஒருமுறை அழுத்தினால் உருவம் முழுசாக ஏறாது. டையைச் சூடுபடுத்தி இளக்கி மறுபடி அழுத்துவார்கள். இரண்டாம் அழுத்தம் துளி திரும்பினாலும் ஆண்டு, 'லிபர்ட்டி', 'இன் காட் வீ டிரஸ்ட்' மூன்றும் இரட்டிக்கும். எஸ்ஸைக் கடைசியில் தனியாகக் கையால் அடித்ததால் அது ஒற்றையாகவே நிற்கும். மெஷின் டபுளிங் வேறு: காசு அடிபடும் நொடியில் தளர்ந்த டை ஆடி, எழுந்த எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கிவிடுகிறது. அதில் பெரும்பாலும் எஸ்ஸும் தப்பாது.

அடுத்து 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கைலென்ஸ்), பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. காசை மெல்லச் சுற்றுங்கள். அசல் என்றால் எழுத்து தடித்திருக்கும், இரண்டு உருவமும் உருண்டை விளிம்போடு எழும்பி நிற்கும், எழுத்தின் முனையில் பிளவு தெரியும். மெஷின் டபுளிங்கில் எழுத்தை ஒட்டித் தட்டையாக, பளபளப்பாக, படி போல ஒன்று இருக்கும். எழுத்தின் சொந்த அகலம் குறைந்திருக்கும். இரண்டு மூன்று விளக்கு வைத்தால் நிழலே இரட்டிக்கும், அதை போட்டோ எடுத்துப் போட்டு "டபுள் டை" என்பவர்கள்தான் அதிகம். கோடி ரூபாய் என்று கத்தும் வீடியோக்காரர்கள் ஒருவராவது எஸ்ஸைக் காட்டட்டும். நான் குறை சொல்லவே பிறந்தவன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

எஸ் ஒற்றையாக இருந்தாலும் உடனே குதிக்காதீர்கள். இந்த ஆண்டுக்குப் போலிகள் அப்போதே வந்தன. கள்ளப்பணத்தைப் பிடிக்கும் அமெரிக்க அரசின் சீக்ரெட் சர்வீஸ் நல்ல காசையும் சேர்த்துப் பறித்துக்கொண்டது. தராசில் 3.11 கிராமை ஒட்டி இருக்க வேண்டும், ஆனால் எடை சரியாக இருப்பது மட்டும் போதாது. காசுகளைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி தளத்தில் இருக்கும் அசல் படத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரே டையில் அடித்த காசுகளில் இரட்டிப்பு அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும்.

1982 முதல் வந்த சென்ட்டுகளில் இன்னொரு ஏமாற்று உண்டு: துத்தநாகத்தின் மேல் பூசிய செம்பு எழுத்தோரம் கிழிந்து சாம்பல் நிறக் கோடு தெரியும். அது டை சமாச்சாரமே இல்லை.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அசலாகவே இருந்தாலும் விலை பாதாளத்துக்குப் போய்விடும். பிசுக்கு இருந்தால் சுத்த அசிட்டோனில் முக்கி எடுத்து, துடைக்காமல் காயவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும்.