காராய் விக்டோரியா பாலம் கற்பாலமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் காராயில் இருக்கும் பழைய ரயில் பாலமான விக்டோரியா பாலம் கற்பாலம்தானா, மெனக்கெட்டுப் போய்ப் பார்க்க அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணப் படம் எடுக்கிற இடம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு அது தாத்தா வேலை பார்த்த இடம்.

கற்பாலம் இல்லை. எங்கள் தோட்டத்தில் எல்லாரும் கல்பாலம் என்றுதான் சொல்வோம்; ஆனால் ஆற்றுக்குள் நிற்கும் தூண்கள் செங்கல், மேலே இரும்பு. 1897 கடைசியில் வேலை தொடங்கி, 1900 மார்ச்சில் பேராக் சுல்தான் இட்ரிஸ் திறந்து வைத்தார். நீளம் ஏறக்குறைய 350 மீட்டர். அன்றைக்கு அவசரமெல்லாம் ஈயம் ஏற்றிப் போகத்தான். ரப்பர் பிறகு வந்தது.

கல்லிலேயே வளைவு வளைவாகக் கட்டியிருக்கலாமே என்பீர்கள். அதற்கு நெருக்கி நெருக்கித் தூண் வேண்டும். பேராக் ஆறு பெருகினால் மரத்தை வேரோடு இழுத்துக்கொண்டு வரும், தூணுக்குத் தூண் அடைத்துக்கொள்ளும். செங்கல் எவ்வளவு பாரத்தையும் தலையில் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். அதனால் நின்று தாங்குகிற வேலை செங்கலுக்கு, குறுக்கே நீளுகிற வேலை முக்கோணமாகக் கோத்த இரும்புக்கு. 1926 பெருவெள்ளத்தையும் பார்த்துவிட்டு நிற்கிறது. பொறியியல் படித்தவர்கள் இன்னும் நன்றாக விளக்குவார்கள். நான் பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு நின்றவன், பார்த்துப் பழகியதைச் சொல்கிறேன்.

தாத்தா ரயில்வேயில் கீமேன். நீளப் பிடி போட்ட சுத்தியல், ஸ்பானர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. தினமும் தண்டவாளத்தில் நடந்து ஆணி தளர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதுதான் வேலை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒருநாள் பாலத்துக்குக் கூட்டிப்போனார். சிலிப்பர் கட்டைகளுக்கு நடுவே கீழே மண்நிறத் தண்ணீர். கால் நடுங்கியது. "கீழ பாக்காதடா, சத்தத்தக் கேளு" என்றார். தட்டினால் 'ணங்' என்று வரும். ஒரு இடத்தில் மட்டும் 'தொப்'. உடனே உட்கார்ந்து முடுக்கினார், மறுபடி தட்டினார், 'ணங்' வந்த பிறகுதான் எழுந்தார். "ஆயிரம் பேரு தூங்கிக்கிட்டுப் போவாங்க" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை.

"உங்க தாத்தாவா பாலம் கட்டினார்?" என்று கீழே கருத்தில் யாராவது கேட்கலாம். இல்லை. கட்டியதைக் காப்பாற்றியவர்களில் ஒருவர். பாலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சுல்தானையும் வெள்ளைக்காரப் பொறியாளரையும் எழுதுகிறார்கள், கீமேனை எழுதுவதில்லை. அதுதான் என் ஆத்திரம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் அந்தப் பாதையில் நடந்த மனிதர் கடைசிவரை குடியுரிமை கிடைக்காமல், நிரந்தரவாசிக்குக் கொடுக்கிற சிவப்பு அடையாள அட்டையோடுதான் செத்தார். பிறந்த தேதிக்குத் தாள் இல்லை என்று நாலு தடவை திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். பாட்டி அந்தச் சட்டையை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறார்.

2002இல் பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் வந்தது, ரயில் அதற்கு மாறிவிட்டது. பழையதின் ஓரத்தில் நடைபாதை இருக்கிறது, அக்கரைவரை நடக்கலாம். கரைக்கு இறங்கித் தூணையும் பக்கத்தில் பாருங்கள். காலை எட்டுக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் அந்த இரும்பில் கை வைக்க முடியாது.